குலசேகரத்து ஈரத்தில் பெயிண்ட்பால் மார்க்கரோடு பட்ட பாடு

குமரி மாவட்டத்தில் பெயிண்ட்பால் மார்க்கர் வைத்திருக்கிற இன்னொரு ஆளைத் தேடித் தேடிச் சலித்துப்போனவன் நான். மார்க்கர் என்றால், ஆட்டத்தில் எதிரணி ஆள் மேல் சாயம் அடைத்த குண்டைக் கேஸ் அழுத்தத்தில் சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கி. கேஸ் கசிந்து மார்க்கர் சீறும்போது, குண்டு பேரலுக்குள்ளேயே உடையும்போது, ட்ரிகரை விட்ட பிறகும் தானாகச் சுட்டுக்கொண்டே போகும்போது, யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியாமல் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றியிருக்கிறேன். பெங்களூரில் ஃபீல்ட் (விளையாட்டுக் களம்) நடத்துகிறவர்கள் போனில் நல்லபடியாகத்தான் பேசினார்கள், ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் அந்த ஊர்க் காற்றுக்குச் சரி. நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு, இடையில் மிச்சமிருக்கிற நாளுக்குக் கடல் காற்று. இந்த ஈரத்தில் ஒரு மார்க்கரை எப்படிக் காப்பாற்றுவது, எந்த அப்கிரேடுக்குக் காசு போடலாம், எதற்கு ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது என்று முதலிலேயே ஒருத்தர் சொல்லியிருந்தால் எனக்கு எண்பதாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் விளையாடிப் பழகியது இது. ஊருக்குத் திரும்பியதும், குலசேகரம் பக்கம் அம்மாவனுக்கு (தாய்மாமாவுக்கு) இருக்கிற ரப்பர் தோட்டத்தில் ஒரு சின்ன ஃபீல்ட் போடலாம் என்று ஆசை வந்தது. விடிவதற்கு முன்பே பாலுக்காகப் பட்டையைச் சீவுகிற வெட்டு முடிந்துவிடும், பத்து மணி வாக்கில் சிரட்டையில் சேர்ந்த பாலும் எடுத்துவிடுவார்கள், அதற்கு மேல் தோட்டம் சும்மாதான் கிடக்கும். திற்பரப்பு அருவிக்கு வருகிற கூட்டமும் நாகர்கோவில் கல்லூரிப் பிள்ளைகளும் போதும் என்று கணக்குப் போட்டேன். அம்மாவன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், "சிரட்டையிலயும் வெட்டுப் பட்டையிலயும் சாயம் படக்கூடாது, கேட்டியா மக்கா" என்று. அதனால் வெட்டு நிறுத்திய பழைய மரங்கள் நிற்கும் மேல்தட்டில் வலை கட்டி இடம் பிரித்தேன். வேறு மாநிலத்தில் மூடப்போகிற ஒரு ஃபீல்டிலிருந்து டிப்மேன் 98 கஸ்டம் மார்க்கர் எட்டு, ஒன்று ஒன்பதாயிரம் என்று எழுபத்திரண்டாயிரத்துக்கு வாங்கினேன். கூடவே குண்டு நிரப்பி மேலே மாட்டுகிற ஹாப்பர், 20 அவுன்ஸ் கார்பன் டை ஆக்சைடு பாட்டில்கள். விற்றவர் சொன்னது ஒன்றே ஒன்று: "இது டேங்க் மாதிரி சார், எண்ணெய் விட்டா போதும், ஓடிக்கிட்டே இருக்கும்."

அந்த மாடல் உறுதியானது என்பதில் பொய்யில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று முதல் நாளே பிரித்துப் பார்த்துப் புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பின்னால் வருகிற எல்லாக் கோளாறும் இந்த ஓட்டத்தில் எங்கேயோ ஒரு இடத்தில்தான் இருக்கும். ட்ரிகரை இழுத்தால் சியர் என்கிற கொக்கி பின் போல்ட்டை விடுவிக்கும். ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும். அதோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கிற முன் போல்ட் குண்டைப் பேரலுக்குள் ஏற்றும். பின் போல்ட் போய் வால்வில் இடித்ததும் கேஸ் திறந்து ஒரு பங்கு குண்டைத் தள்ளும், இன்னொரு பங்கு பின் போல்ட்டையே திரும்பப் பின்னால் தள்ளி சியரில் மாட்டிவிடும். கேஸ் குறைந்தாலோ சியர் தேய்ந்தாலோ அந்தப் பின் போல்ட் முழுதாகப் பின்னால் வந்து மாட்டாது, மாட்டாததால் மறுபடி முன்னால் ஓடும், நீங்கள் கையை எடுத்த பிறகும் அது சுட்டுக்கொண்டே இருக்கும். முதன்முதலில் இது நடந்தபோது ஒரு கல்லூரிப் பையன் மார்க்கரைக் கீழே போட்டுவிட்டு ஓடினான், எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. காரணம் கடைசியில் பாட்டில் காலியாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அப்படி ஆனால் முதலில் பாட்டிலை எடை போட்டுப் பாருங்கள், அது சரியாக இருந்தால் மட்டும் உள்ளே திறங்கள்.

இனி கேஸ் விஷயம். இதில்தான் நான் மிக அதிகம் அலைந்தேன். முறையான கேஸ் ஏஜென்சிகள் அந்த 20 அவுன்ஸ் பாட்டிலைப் பார்த்ததுமே கையை விரித்தன. ஒரு ஏஜென்சிக்காரர் மட்டும் பொறுமையாக உட்காரவைத்து விளக்கினார்: 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளில் 500 மில்லிக்கு மேல் கொள்ளளவு இருந்தாலே அது உருளைக் கணக்கில் வந்துவிடும், இந்திய அங்கீகார முத்திரை இல்லாததில் நிரப்பினால் அவர்கள் உரிமம் போய்விடும். 20 அவுன்ஸ் பாட்டிலின் உள்கொள்ளளவு ஏறக்குறைய 830 மில்லி. 9 அவுன்ஸ் பாட்டில் என்றால் 375 மில்லிதான். அன்றைக்கே 20 அவுன்ஸ் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு 9 அவுன்ஸ் பாட்டில்களுக்கு மாறினேன். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் மார்க்கரை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள், பாட்டிலைத் திருப்பிக் கழுத்தோரம் குத்தியிருக்கிற தேதியைப் பாருங்கள். அமெரிக்க அலுமினிய பாட்டிலில் டாட் 3ஏஎல் என்று இருக்கும், அந்த வகைக்கு ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) இடைவெளி 5 ஆண்டு. எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அந்தக் கெடுவை எப்போதோ தாண்டியிருந்தன, அதற்கும் சேர்த்துத்தான் நான் காசு கொடுத்திருந்தேன்.

முதலில் நிரப்பிக் கொடுத்த இடத்தில் தராசே இல்லை. கையில் தூக்கிப் பார்த்து "ஃபுல்" என்று கொடுத்தார்கள். ஏப்ரல் மாத மதியம், தகரக் கொட்டகைக்குள் வைத்திருந்த ஒரு பாட்டிலில், அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து கேஸை வெளியே விடுகிற பாதுகாப்புத் தகடு வெடித்தது. அந்தச் சத்தத்தில் கீழ்த்தட்டில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒருவருக்கும் அடிபடவில்லை, ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பிள்ளைகள் விளையாடுகிற இடம் அது. பிறகுதான் கணக்கு விளங்கியது. கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 21 டிகிரியில் 850 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்) அளவில் நிற்கும். 31 டிகிரியைத் தொட்டால் 1070. அதற்கு மேல் திரவம் வேறு வாயு வேறு என்கிற பிரிவே கிடையாது, அளவுக்கு மீறி அடைத்த பாட்டிலில் வெயில் ஏற ஏற அழுத்தம் மளமளவென்று ஏறும். தகடு வெடித்தது உண்மையில் நல்லதுக்குத்தான், அது வெடிக்காமல் இருந்தால் பாட்டில் வெடிக்கும். அதனால் யார் உங்கள் பாட்டிலில் வேறு அளவுத் தகடு மாற்றித் தருகிறேன் என்றாலும் சம்மதிக்காதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தவர் ஒரு சோடா கம்பெனி அண்ணாச்சி. பன்னீர் சோடா போடுவதற்கு அவர் பெரிய சிலிண்டர் வைத்திருக்கிறார், கேஸைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு அந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. "தம்பி, நிமிர்த்தி வெச்சு நெறச்சா வெறும் ஆவிதான் வரும், தண்ணியா எறங்கணும்னா தலைகீழா சாய்க்கணும்" என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காலி பாட்டிலை முதல்நாள் ராத்திரி ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்தால் திரவம் சுலபமாக இறங்கும். காலியாக எடை போடு, நிரப்பிவிட்டு எடை போடு, வித்தியாசம் 9 அவுன்ஸுக்கு 255 கிராம், அதைத் தாண்டினால் உடனே வெளியே விடு. நம் வெயிலுக்கு நான் 220 கிராமோடு நிறுத்திவிடுகிறேன். கிராம் கணக்கில் காட்டுகிற சமையலறைத் தராசு போதும், எழுநூறு ரூபாய். இந்த விளையாட்டில் நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் அதுதான்.

அதே இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. மார்க்கரிலிருந்து பாட்டிலைத் திருகிக் கழற்றும்போது, பாட்டில் மேலே இருக்கிற பித்தளை வால்வு மார்க்கரிலேயே நின்றுகொண்டு பாட்டில் மட்டும் தனியாகத் திருகிக்கொண்டு வரலாம். அப்படி முழுதாகக் கழன்றால் பாட்டில் ராக்கெட்டாகப் பறக்கும், அமெரிக்காவில் இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். தடுக்க ஒரு சுலப வழி உண்டு. வால்வையும் பாட்டிலையும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு நேர்கோடு போட்டுவிடுங்கள். திருகும்போது அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்தால் கையை எடுத்துவிட்டு, திரும்ப உள்ளே இறுக்கி, கேஸை மெதுவாகச் சுட்டுத் தீர்த்து, பாட்டிலை அனுபவமுள்ள ஆளிடம் கொடுங்கள். எனக்கு வந்த எட்டில் ஒன்றிலும் அந்தக் கோடு இல்லை. ஒரு பாட்டிலில் வால்வு தளர்ந்தே இருந்தது, அதைக் கண்டுபிடித்த அன்று என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்படிக் கேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான் அப்கிரேட் ஆசையும் வந்தது, வரவைத்தார்கள் என்று சொல்வதுதான் சரி. குண்டு நேராகப் போகவில்லை என்று போனில் சொன்னேன், விற்பனையாளர் உடனே 14 அங்குலப் பேரல் சொன்னார். மூன்று பேரல், ஒன்று ஆறாயிரத்து ஐந்நூறு. தூரம் கூடும் என்றார். கூடவே கூடாது. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை வெளியே வருகிற வேகம்தான் முடிவு செய்யும், ஒரே வேகத்தில் வெளியேறுகிற இரண்டு குண்டு எந்தப் பேரலிலிருந்து வந்தாலும் ஒரே தூரம்தான் போகும். குண்டுக்குப் பின்சுழல் கொடுக்கிற வகைப் பேரல் மட்டும்தான் இதற்கு விலக்கு. குண்டுக்கு வேகம் கிடைப்பது முதல் எட்டு, பத்து அங்குலத்துக்குள். மிச்ச நீளம் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், மரத்தின் பின்னால் ஒளிந்து நிற்கும்போது இடிக்கவும் செய்யும். அடுத்து எக்ஸ்பேன்ஷன் சேம்பர் இரண்டு, ஒன்பதாயிரம். திரவம் மார்க்கருக்குள் போகாமல் விரிந்து வாயுவாக மாறுவதற்கான அறை அது, குளிர் தேசத்தில் அதற்கு வேலை உண்டு, நம் வெயிலில் கேஸ் தானாகவே நன்றாக விரிகிறது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கடைசியாக என் சொந்த மார்க்கருக்கு எலக்ட்ரானிக் ட்ரிகர், பதினாறாயிரம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. அடிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஒரு மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தால் சர்க்யூட் போர்டின் ஓரம் முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. இந்த மூன்று சாமானிலேயே நாற்பத்து நாலாயிரத்து ஐந்நூறு போனது. அந்தப் பணத்துக்கு எட்டு மார்க்கருக்கும் நல்ல மாஸ்க் வாங்கி, எல்லா சீலையும் இரண்டு தடவை மாற்றியிருக்கலாம்.

குண்டு ஏன் வளைந்து போனது என்பதற்கான பதில் பேரலில் இல்லை, குண்டிலேயே இருந்தது. பெயிண்ட்பால் குண்டின் ஓடு ஜெலட்டின், உள்ளே இருப்பது தண்ணீரில் கரைகிற சாயம் கலந்த பாலிஎத்திலீன் கிளைகால். இரண்டுமே ஈரத்தை இழுக்கும். 0.68 அங்குலம், அதாவது 17.27 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய குண்டு ஜூன் மாதத்தில் திறந்த பையில் கிடந்தால் வீங்கி, தட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லேத் பட்டறையில் வெர்னியர் வாங்கி அளந்தேன், ஒரே குண்டு ஒரு பக்கம் 17.3, இன்னொரு பக்கம் 17.8. அது எப்படி நேராகப் போகும்? வீங்கியது பேரலுக்குள் நெருக்கி உடையும், உடைந்த சாயம் அடுத்த குண்டை வழுக்கி எங்கேயோ கொண்டுபோகும். இரண்டாயிரம் குண்டு அடங்கிய பெட்டி ஏழாயிரம், மூன்று பெட்டியை அந்த மழையில் குழி வெட்டிப் புதைத்தேன், இருபத்தோராயிரம். இப்போது வந்தவுடன் ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து, ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வீட்டுக்குள் வைக்கிறேன், வாரத்துக்கு ஒரு தடவை டப்பாவைத் திருப்பி வைக்கிறேன், இல்லாவிட்டால் அடியில் இருப்பது தட்டையாகிவிடும். ஃப்ரிஜ்ஜில் வைக்கவே வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வியர்க்கும், குளிர்ந்த ஓடு உடையவும் செய்யும். மழைக்காலத்துக்கு ஸ்டாக் வாங்கி அடுக்குவதும் வேண்டாம், ஆட்டம் உறுதியான பிறகு வாங்குங்கள்.

பேரல் பொருத்தம் பார்க்க வெர்னியர்கூட வேண்டாம். பேரலைக் கழற்றி, ஒரு குண்டைப் பின்பக்கமாகப் போடுங்கள். தானாக உருண்டு வெளியே விழுந்தால் பேரல் அகலம், ஊதியும் நகராவிட்டால் இறுக்கம், லேசாக ஊதினால் போய் விழுந்தால் சரியான ஜோடி. ஒவ்வொரு புதுப் பெட்டி திறக்கும்போதும் இதைச் செய்கிறேன்.

சீல் பற்றி. முதல் மழையில் எட்டில் ஐந்து மார்க்கர் சீறத் தொடங்கியது. பதிவு செய்திருந்த குழு ஆட்டங்களை ரத்து செய்து பன்னிரண்டாயிரம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அதில் ஒரு குழு மதுரையிலிருந்து வேன் பிடித்து வருவதாக இருந்தது, அவர்களிடம் போனில் பேசியபோது எனக்கு வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது. தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன், அவர் மோட்டார் பைக்குக்கு அடிக்கிற துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடித்துக் கொடுத்தார். இரண்டு நாளில் ஓ ரிங் (கேஸ் கசியாமல் அடைக்கிற வளைய சீல்) எல்லாம் ஊதிப் பஞ்சு போல ஆகி, இன்னும் அதிகமாகச் சீறியது. பெட்ரோலிய வகை ஸ்பிரே எதுவும் இதற்கு ஆகாது, பெயிண்ட்பால் மார்க்கருக்கென்று விற்கிற எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் வருடக்கணக்கில் வரும், அதை பாட்டில் மாட்டுகிற இடத்தில் சில சொட்டு விட்டு வெறுமனே சுட்டால் அதுவே கேஸோடு உள்ளே பரவும். அந்த வைத்தியத்துக்கும் தேவையில்லாமல் மாற்றிய வால்வுச் சாமானுக்கும் நாலாயிரம்.

எங்கே சீறுகிறது என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். பாட்டில் சேருகிற இடத்தில் குமிழ் வந்தால் பாட்டில் ஓ ரிங். ஹோஸ் முனையில் வந்தால் ஃபிட்டிங். பேரல் வழியாகக் காற்று வந்தால் உள்ளே வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, அதற்கு மட்டும்தான் உள்சீல் எல்லாம் சேர்ந்து வருகிற கிட் தேவை. பாட்டில் ஓ ரிங்குக்காக நான் வெளிநாட்டிலிருந்து பார்சல் வரவழைத்தேன், சாமானை விடக் கூரியருக்கு அதிகம் கொடுத்தேன், அப்புறம் பார்த்தால் நாகர்கோவிலில் ஹைட்ராலிக் சீல் விற்கிற கடையிலேயே கிடைக்கிறது. கேட்கவேண்டிய அளவு: 015, உள்விட்டம் 14 மில்லிமீட்டர், தடிமன் 1.78. கறுப்பு நைட்ரைல் கொடுப்பார்கள், அது கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கொப்புளம் கட்டி வெடிக்கும். பாலியூரித்தேன், கடினம் 90 என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று சில ரூபாய்தான், ஐம்பது வாங்கிப் போட்டுக்கொண்டேன். இன்னொன்று, மார்க்கரின் ஸ்க்ரூக்கள் எல்லாம் அங்குல அளவு. நம் கடைகளில் கிடைக்கிற மில்லிமீட்டர் ஆலன் கீ பொருந்துவது போலத்தான் தெரியும், இரண்டு தடவை திருகினால் தலை வழுக்கிவிடும். அங்குல செட் தனியாக வாங்குங்கள்.

துரு எப்படி வந்தது என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை, மழையில் நனையாத மார்க்கரிலும் ஸ்பிரிங் சிவந்திருந்தது. காரணம் கேஸின் குளிர்ச்சி. வேகமாகச் சுட்டால் உள்பக்கம் சில்லென்று ஆகிறது, நம் காற்றிலிருக்கிற ஈரம் அதன் மேல் பனித்துப் படிகிறது, உள்ளேயும்தான். உடம்பு அலுமினியம், அதற்கு ஒன்றும் ஆகாது, பின் போல்ட்டும் ஸ்பிரிங்கும் எஃகு. முட்டம் கடற்கரையில் ஒரு நிகழ்ச்சிக்குக் கொண்டுபோன மார்க்கரில் இது இரட்டிப்பு வேகத்தில் நடந்தது, உப்பும் மணலும் சேர்ந்துகொண்டன. இப்போது ஆட்டம் முடிந்த அன்றே, களைப்பாக இருந்தாலும், பாட்டிலைக் கழற்றி, மிச்ச கேஸைச் சுட்டு வெளியேற்றி, பேரலை எடுத்து, உடம்பைப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சாயத்தைத் துடைத்து, ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் காயவைத்து, எஃகுப் பாகங்களில் எண்ணெய் தொட்டுப் பூட்டுகிறேன். பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சியர் ஸ்பிரிங் துள்ளி விழுந்தால் ரப்பர் சருகுக்குள் அதைத் தேடி எடுக்க முடியாது, அதனால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்துப் பிரியுங்கள். குண்டு இரண்டிரண்டாக ஏறி உடைகிறதென்றால் குண்டைத் தடுத்து நிறுத்துகிற சின்ன லாட்சைப் பாருங்கள், அது தேய்ந்திருக்கும், விலை குறைவு, எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

காசு போட்டே ஆகவேண்டும் என்றால் மாஸ்க்குக்குப் போடுங்கள். நம் ஈரத்தில் ஒற்றைக் கண்ணாடி மாஸ்க் நிமிஷத்தில் பனிபடியும், கண் தெரியாத பிள்ளை தன்னை மறந்து மாஸ்க்கைத் தூக்கும், அந்த ஒரு வினாடி போதும் கண் போவதற்கு. வினாடிக்கு 300 அடி வேகத்தில் வருகிற மூன்று கிராம் குண்டுக்கு 12 ஜூலுக்கு மேல் சக்தி. இரட்டைக் கண்ணாடித் தெர்மல் லென்ஸ், ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 முத்திரை உள்ளதாகப் பார்த்து எட்டு வாங்கினேன், இருபத்தெட்டாயிரம், இந்தச் செலவுக்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அதற்கு அடுத்தது வேகம் அளக்கும் குரோனோகிராஃப். உச்ச வரம்பு வினாடிக்கு 300 அடி, நான் 270க்கு மேல் விடுவதில்லை. காலையில் 260 காட்டிய மார்க்கர் அதே பாட்டிலோடு மதியம் 300ஐத் தாண்டியதை என் கண்ணால் பார்த்தேன், வெயிலில் கேஸ் அழுத்தம் ஏறியதுதான் காரணம். அதனால் காலையில் ஒருமுறை அளந்தால் போதாது, வெயில் ஏறியபின் மறுபடி அளந்து, பக்கத்திலிருக்கிற வேக ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகிக் குறைக்கவேண்டும். ஆட்டம் இல்லாத நேரத்தில் பேரலின் மேல் உறை கட்டாயம்.

கொண்டுபோய் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு தடவை சாமான் வாங்கக் கேரள எல்லை தாண்டிப் போகும்போது, மார்க்கர் பையிலிருந்து பேரல் வெளியே தெரிய, போலீஸ் நிறுத்தி வெகுநேரம் விசாரித்தார்கள். அவர்கள் செய்தது முழுக்கச் சரி. 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளரைச் சுட்டுக் கொன்றார்கள், அந்த மண்ணில் துப்பாக்கி போல ஒன்றைப் பார்த்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். இப்போது பேரல், ஹாப்பர், பாட்டில் எல்லாம் தனித்தனியாகக் கழற்றி, பூட்டுப் போட்ட பெட்டியில், பில் நகலோடுதான் கொண்டுபோகிறேன். பைக்கில் கொண்டுபோவதே இல்லை. ஃபீல்ட் தொடங்குவதற்கு முன்பு உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் சீட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது, பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்வது அதைவிட நல்லது.

கடைசியாக நான் செய்த ஒரே நல்ல அப்கிரேட் கேஸை மாற்றியதுதான். அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றுக்கு வெயில் மழை எல்லாம் ஒன்றுதான், பாட்டிலோடு வருகிற ரெகுலேட்டர் 800 பி.எஸ்.ஐ. அளவில் நிலையாகக் கொடுக்கும், மார்க்கரும் குளிர்ந்து வியர்க்காது. பி.சி.பி. ஏர்கன் (முன்கூட்டியே காற்றை அடைத்துச் சுடும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் பயன்படுத்துகிற 12 வோல்ட் சின்னக் கம்ப்ரசர் இருபத்து நாலாயிரத்துக்குக் கிடைத்தது. அதோடு 13 கன அங்குலப் பாட்டில் நாலு, ஒன்று 213 மில்லிதான், 3000 பி.எஸ்.ஐ. வரை. ஒரு நிரப்பலுக்கு நூற்றுச் சொச்சம் குண்டு சுடலாம், அதனால் ஆட்டத்துக்கு ஆளுக்கு நூறு குண்டு என்று வைத்துவிட்டேன். நம் காற்றில் இருக்கிற தண்ணீர் கம்ப்ரசரில் எவ்வளவு சேர்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், ஒவ்வொரு பாட்டில் நிரப்பியதும் வடிகட்டியைத் திறந்து தண்ணீரை வடியுங்கள், இல்லாவிட்டால் அது பாட்டிலுக்குள் போய்விடும். ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: நிரப்புகிற நிப்பிளில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளிகூடப் படக்கூடாது. அந்த அழுத்தத்தில் காற்றும் எண்ணெயும் சேர்ந்தால் டீசல் என்ஜினுக்குள் நடப்பதுதான் பாட்டிலுக்குள் நடக்கும். எண்ணெய் மார்க்கருக்குத்தான், பாட்டிலுக்குக் கிடையாது. நாலு மார்க்கரைக் காற்றுக்கு மாற்றியாயிற்று, மிச்ச நாலும் இன்னும் அண்ணாச்சி நிரப்பித் தருகிற 9 அவுன்ஸ் பாட்டிலில்தான் ஓடுகின்றன. கோடையில் காலை ஆட்டத்துக்கு அவை, வெயில் ஏறிய பிறகு காற்று என்று பிரித்து வைத்திருக்கிறேன்.